உதைக்க ஆளில்லாத வண்டி

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இவ்வளவு கோணலாக எழுத இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் வராது. சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்குவது முறை. கேட்டுவிட்டேன். பதில் வேண்டாம்.

போனில் பேசுங்களேன் என்று கோசு சொன்னாள். அவளிடம் உன் நம்பர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, நீ எப்போது பல் கட்டிக்கொண்டாய் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. என் வயிற்றில் பிறந்தவள் எனக்குத் தெரியாமல் இத்தனை வருஷமாகச் சித்தப்பாவோடு குலாவிக்கொண்டிருக்கிறாள். அவளை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். போனில் என்றால் நீ திருப்பிப் பேசுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் அந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எந்த வண்டி என்று கேட்காதே. என் கை வளையல்களை விற்று, ஊரைவிட்டுப் போன டாக்டரிடம் வாங்கினோமே, அந்த இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். உலகத்தில் எல்லா வண்டிக்கும் வலது காலில் பிரேக் என்றால் தனக்கு மட்டும் இடது காலில்தான் என்று பிடிவாதம் பிடிக்குமே, அது. நீ ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டு, அந்தக் காசில் கப்பல் ஏறினாயே, அதேதான். என் வளையல் மேல் ஏறி உட்கார்ந்துதான் நீ கடல் தாண்டினாய் என்று நான் சொல்லாத ஆள் இல்லை.

அப்போது எனக்கு நிறைமாதம். நீ போன மறு வாரம் வலி எடுத்தது. வீட்டில் வண்டி இல்லை. உன் அண்ணன் தெருவில் ஓடி, காய்கறிக்காரர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற இடத்தில், முட்டைக்கோசுகளுக்கு நடுவில் குழந்தை பிறந்தது. எவ்வளவு அழகான பேர் வைத்தோம்! ஒருத்தர் கூப்பிட்டதில்லை. கோசு கோசு என்றே கூப்பிட்டு, இப்போது அவளே பாட்டியாகிற வயதில் நிற்கிறாள், இன்னும் கோசுதான். அவளைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம் வரும். நல்ல ஞாபகம் என்று நினைத்துவிடாதே.

வாஷிங் மெஷின் கெட்டுப்போய்க் கிடந்தது, பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். போன மனிதர் மதியம் சாப்பாட்டுக்கும் வரவில்லை. சாயங்காலம் ஒரு சின்ன லாரி வந்து நிற்கிறது. அதிலிருந்து உன் அண்ணன் இறங்குகிறார், பின்னாலேயே ஒரு துருப்பிடித்த எலும்புக்கூட்டையும் நாலு சாக்கு நிறைய இரும்பையும் இறக்குகிறார்கள். என்ன இது என்றேன். அடையாளம் தெரியலையா உனக்கு என்று கேட்டு, டேங்க்கை என் பக்கம் திருப்பினார். பிறைநிலா மாதிரி ஒரு பள்ளம். உன் மேல் நான் எறிந்த இரும்புக் கரண்டி, நீ குனிந்துவிட்டாய், டேங்க்கில் பட்டது. பால் காய்ச்சி வைத்த பாத்திரத்தில் கிரீஸ் கையை விட்டாயே, அன்றைக்கு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. மாடிப்படிக்கு அடியில் எலும்புக்கூடு நிற்கிறது. கூடத்தில் பேப்பர் விரித்து அதன் மேல் குடல், ஈரல் எல்லாம் பரப்பி வைத்திருக்கிறார். காலை வைக்க இடமில்லை. நான் குழம்பு வைக்கிற பெரிய சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் செயினை ஊற வைத்திருக்கிறார். கேட்டால், கழுவித் தந்துடறேன் என்கிறார். கழுவுவதாம்! சட்டியைத் தலை முழுகிவிட்டேன்.

ஆயுசு முழுக்க ஆபீசில் பேனா பிடித்த கை அது. வீட்டில் குழாய் சொட்டினால்கூட ஆள் கூப்பிடுகிறவர். அந்த வண்டியில் அவருக்கு ஓட்டத்தான் தெரியும், மற்றதெல்லாம் நீதானே பார்த்தாய். இப்போது கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, ஒரு நட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதோடு என்ன பேசுகிறாரோ.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால் ஸ்பேனர். தெருமுனை மெக்கானிக் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு ஸ்பேனர் போட்டால் லூசாகச் சுற்றுகிறது, அடுத்த நம்பர் உள்ளேயே போக மாட்டேன் என்கிறது. என்ன தாத்தா, உங்க வண்டி நட்டுகூட நம்ம பேச்சைக் கேக்காது போல இருக்கே என்றான். சுத்தியலால் தட்டி ஏற்றித் திருப்பினான், நட்டின் மூலையெல்லாம் மழுங்கிப் போனதுதான் மிச்சம். உன் அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வேணாம்ப்பா, விட்டுடு, இது இங்கிலாந்து அளவு, அதுக்கு அதோட ஸ்பேனர்தான் வேணும் என்றார். பிறகு ஒவ்வொரு பழைய சாமான் கடையாக அலைகிறார். வெயிலில் அலைகிறார். மூச்சு வாங்க வாங்க வந்து படியில் உட்கார்கிறார். நானும் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் வாசலுக்குப் போகிறேன். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

ஏனென்றால் இதையும் உன்னிடம் சொல்ல வேண்டும். அவருக்கு நெஞ்சில் குழாய் அடைத்திருக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, எல்லாமே என்கிறார் டாக்டர். நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டுமாம், தள்ளிப்போடக் கூடாதாம், கனமானதைத் தூக்கக் கூடாதாம். உன் அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வண்டி ஒரு தடவை ஓடிடட்டும், அப்புறம் வந்து படுத்துக்கறேன் என்கிறார். கோசு அழுது பார்த்தாள். பேத்தி மிரட்டிப் பார்த்தாள். நான் ஒரு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அன்றைக்கு ரொம்ப நிம்மதியாக வேலை பார்த்தார்.

அதனால் உனக்கு எழுதுகிறேன். அந்த வண்டியோடு ஒரு காக்கித் துணிப்பை வந்தது, அதில்தான் அதன் ஸ்பேனரெல்லாம் இருக்கும். வண்டியை விற்றாய், பையை விற்கவில்லை. பெட்டி கட்டும்போது சட்டைக்கு அடியில் அதைச் செருகியதை நான் கதவோரமாக நின்று பார்த்தேன். தொழிலுக்கு ஆகும் என்று எடுத்துப் போனாயாக்கும். அதை உடனே அனுப்பு.

வேறு ஒன்றும் வேண்டாம். பை மட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி.


தம்பிக்கு,

பை வந்து சேர்ந்தது.

பை மட்டும்தான் வந்தது. நான் அப்படித்தான் எழுதினேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக ஒரு துண்டுச் சீட்டுக்கூடவா வைக்க மாட்டாய்? சின்ன வயதில் வேண்டாம் என்று சொன்ன காரியத்தைத் தவிர வேறு எதையும் செய்ததில்லை. இப்போது மட்டும் சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை ஆகிவிட்டாய்.

உன் அண்ணன் பையை உடனே பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைத் தடவிக்கொண்டே இருந்தார். நான்தான் பொறுமை இல்லாமல் பிடுங்கிப் பிரித்தேன். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி வைத்திருக்கிறாய். துணியை விரித்துப் பார்த்தேன். என் மாம்பழக் கலர் புடவை! கொடியில் காயப் போட்டது காணவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டு, அவள் வீடு மாறிப் போகிற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கணக்கும் உன் பேரில் ஏறுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஸ்பேனரை வைத்ததும் நட்டெல்லாம் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டன. மழுங்கிப் போனதை மட்டும் மெக்கானிக் உளி வைத்து எடுத்தான். எஞ்சினைப் பிரித்தார்கள், கழுவினார்கள், எதையோ தேய்த்தார்கள், எதற்கோ காத்திருந்தார்கள். பேரிங்கைச் சூடு பண்ண என் அடுப்பில் வைத்தார்கள். பேரிங்கைக் கவனித்துக்கொண்டு பாலைப் பொங்கவிட்டார்கள். டார்ச் பிடிக்க ஆள் இல்லை என்று உன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நான் பிடித்தேன். ஆசையில் இல்லை. அவர் குனிந்தால் நெற்றியில் வேர்க்கிறது, அதைப் பார்க்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும் என்றுதான். டார்ச்சை நட்டு மேல் காட்டாமல் அவர் முகத்தில் காட்டுகிறேன் என்று திட்டு வாங்கினேன்.

பெயிண்டர் வந்து டேங்க்கைப் பார்த்துவிட்டு, இந்தப் பள்ளத்தில் பட்டி பூசிச் சமமாக்கிடலாம், இருந்த இடமே தெரியாது என்றான். உன் அண்ணன், அதைத் தொடாதே, அது கம்பெனியில் வந்தது என்றார். பெயிண்டர் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படி. எனக்கு நிதானம் இல்லை, நீயாவது வைத்துக்கொள்.

அன்றைக்குச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல உன்னைத் திட்டிக்கொண்டே டார்ச் பிடித்தேன். திட்டினால் கை நடுங்காது. கூடப் பிறந்தவனிடம்கூடச் சொல்லாமல் விற்றவன்தானே என்று சொன்னேன். உன் அண்ணன் தலையை நிமிர்த்தாமலே, அவனைத் திட்டாதே, விக்கச் சொன்னதே நான்தான் என்றார்.

மெக்கானிக் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பிடிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உனக்குக் கப்பல் வேலைக்குச் சீட்டு வந்ததாம், கட்டப் பணம் இல்லையாம், வண்டியை எடுத்துப் போய் வித்துக்கோ என்று அவரே உன் கையைப் பிடித்து வண்டி மேல் வைத்துக் கொடுத்தாராம். நீ மாட்டேன் என்றாயாம். அண்ணிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாயாம். அதற்கு இவர் சொன்ன யோசனையைக் கேள்: அவ உன்மேல கோபப்பட்டா நீ கடலுக்கு அந்தப் பக்கம் பத்திரமா இருப்பே, என்மேல கோபப்பட்டா நான் தினமும் மூணு வேளை அவ கையாலதான் சாப்பிடணும். இப்படிச் சொல்லி அனுப்பிவைத்தாராம். பிறகு கோசு தள்ளுவண்டியில் பிறந்ததும் பயம் இன்னும் கூடிப்போச்சாம். இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் தலை நரைத்துவிட்டதாம்.

நான் டார்ச்சை அணைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போனேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன், மறுபடியும் போனேன். சோப்புக் கடைக்காரர் என்னம்மா வேணும் என்று இரண்டு தடவையும் கேட்டார்.

என் பக்கம் தப்பு இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தரும் வாயைத் திறக்காத விஷயத்தை நான் எப்படித் தெரிந்துகொள்வது? கோபப்படுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள், குறை வைக்காமல் செய்தேன். இப்போது உன் மேல் இருந்ததை அப்படியே எடுத்து அவர் மேல் வைத்துவிட்டேன். ஆனால் வைத்து என்ன புண்ணியம்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? குரலை உயர்த்தினால் கோசு ஓடி வருகிறாள், அப்பாவுக்கு ஆகாதும்மா என்கிறாள். ஒரு வாழ்நாள் சண்டை என் தொண்டையில் நிற்கிறது, போட ஆள் இல்லை.

அவர் சொல்வது உண்மையா? கோசுவிடம் ஆமாம் இல்லை என்று ஒரு சொல் சொல். அது போதும்.

ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். படுக்கை தருகிறோம், எப்போது வருகிறீர்கள் என்று. வண்டிக்கு ஒயர் மாட்டுவதுதான் பாக்கி என்று பதில் சொல்கிறார், என்னமோ ஆஸ்பத்திரிக்காரர்களும் அதற்காகத்தான் காத்திருப்பது போல.

இப்படிக்கு,
கோசுவின் அம்மா.


அன்புள்ள தம்பிக்கு,

கோசு சொன்னாள். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாயாம். ஆமாம் என்ற ஒரு சொல்லைக்கூட அண்ணனைக் கேட்காமல் சொல்ல வராது உனக்கு. அண்ணி இன்னும் கரண்டி எறியறாங்களா என்றும் கேட்டாயாம். எறிகிறேன். குறிதான் முன்னைவிட நன்றாக இருக்கிறது.

வண்டி முழுசாகிவிட்டது. படிக்கு அடியில் கறுப்பாக, புதுக் கல்யாணப் பிள்ளை மாதிரி நிற்கிறது. பெட்ரோல் ஊற்றியாயிற்று. ஆனால் ஓடவில்லை. அதை உதைக்க ஆள் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் அண்ணன் அந்த வண்டியை ஒரு நாளும் உதைத்ததில்லை. சமையலறை ஜன்னல் வழியாக நான் தினமும் பார்த்ததுதானே. அவர் மேலே உட்கார்ந்து இடது கையில் ஹேண்டில்பாரில் இருக்கிற அந்தச் சின்ன லிவரைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்வார். நீ பக்கத்தில் நின்று, காலால் மெதுவாக அழுத்தி அழுத்தி, அது எங்கேயோ முட்டுகிற இடத்தைத் தேடுவாய். அவர் ம் என்பார். நீ உதைப்பாய். எஞ்சின் பிடித்ததும் அவர் லிவரை முன்னால் தள்ளுவார். ஒரு மனிதர் தனியாகச் செய்கிற காரியத்தை நீங்கள் இரண்டு பேரும் பாதிப் பாதியாகக் கற்றுக்கொண்டீர்கள். அவரிடம் இருக்கிறது ஒரு பாதிதான்.

மெக்கானிக் உதைத்தான். இவர் ம் சொல்வதற்கு முன்னாலேயே உதைத்துவிட்டான். அது திருப்பி உதைத்ததில் வாளிக்குள் போய் உட்கார்ந்தான். தாத்தா, இது வண்டி இல்லை, கழுதை என்று நொண்டிக்கொண்டே சொன்னான். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி நின்றேன். சிரிக்காதே. என் முழு எடைக்கும் அது அசையக்கூட இல்லை.

பிறகு தள்ளிப் பார்ப்போம் என்று தெருச் சரிவில் உருட்டினார்கள். மெக்கானிக் மேலே இருந்தான். வேகம் பிடித்ததும் பயந்துபோய்ப் பிரேக் என்று நினைத்து வலது காலை மிதித்தான். கியர் விழுந்தது. தம்பி, அது ஒரு தடவை குரைத்தது. ஒரே தடவை. தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படியே போய் எதிர்வீட்டுப் பூந்தொட்டி வரிசையில் இடித்து நின்றது. எதிர்வீட்டம்மா கத்துகிறாள், நான் அவளுக்குச் சமமாகக் கத்துகிறேன், உன் அண்ணன் மட்டும் நடுத்தெருவில் நின்று சிரிக்கிறார். கோசு பிறந்த அன்று அந்தத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பு. அதை நான் மறந்தே போயிருந்தேன். நானே மறந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்.

அதன் பிறகு யாரையும் தொடவிடவில்லை. நேற்று நான் கடைக்குப் போய்த் திரும்பினால், வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கை நெஞ்சில். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. தானாகவே உதைத்துப் பார்த்திருக்கிறார். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் கையை என் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டவில்லை. அவனுக்காகத்தானே காத்திட்டிருக்கீங்க என்று கேட்டேன். யாருக்காகவும் இல்லை என்றார். சொல்லிவிட்டு வாசல் கேட்டைப் பார்த்தார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது நிஜமாகிவிடும்.

நீ வா.

வந்து ஒரு உதை உதை. அது ஓடட்டும். ஓடினால் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார், வாக்குக் கொடுத்திருக்கிறார், அண்ணன் வாக்கு உனக்குத் தெரியும். அவரை உள்ளே அனுப்பிவிட்டு நாம் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். தனியாக உட்கார என்னால் ஆகாது. திரும்பி வரட்டும், பிறகு அந்த வளையலுக்கும், தள்ளுவண்டிக்கும், என்னை இத்தனை காலம் முட்டாளாக்கியதற்கும் சேர்த்து ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது எனக்கு. அதற்கு அவர் நல்ல உடம்போடு வீட்டில் இருக்க வேண்டும். அதை எனக்கு வாங்கிக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். அந்த மாம்பழக் கலர் துணியைத் துவைத்து மடித்துப் பையிலேயே வைத்துவிட்டேன், கை துடைக்க வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்துவிட்ட உன் மனைவியை நான் பார்த்ததே இல்லை. அவள் போட்டோ ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு வா, கூடத்தில் இடம் இருக்கிறது.

நல்ல கெட்டியான ஷூ போட்டுக்கொண்டு வா. அந்த உதைப்பான் ஈரத்தில் வழுக்கும். இங்கே மழை பெய்கிறது.

பத்திரமாக வந்து சேர்.

அண்ணி.